நீல நூல் கட்டிய பாட்டில்

1. என் மேசை

என் மேசையில் ஆறு பாட்டில்கள் இருந்தன. எல்லாமே பச்சை நிறக் குளிர்பான பாட்டில்கள். ஒன்றின் மேலும் பெயர் எழுதியிருக்காது. கழுத்தில், தையல் மெஷினில் மாட்டுகிற ஓவர்லாக் கோனிலிருந்து அறுத்த நூல் மட்டும் கட்டியிருக்கும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எந்த நிறம் எந்தக் கறைக்கு என்பது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்காகச் செய்த ஏற்பாடுதான் அது. அந்த ஏற்பாட்டினால் ஒரு பெண்ணின் நெஞ்சு கெட்டுப் போயிற்று.

செக்கிங் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் கறை எடுக்கும் பக்குவம் கேட்கிறார்கள். இதிலும் பக்குவம் வரும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். துணி மடித்து அடுக்கும் கைமடியாகச் சேர்ந்தேன். பிறகு செக்கிங்குக்கு வந்தேன். கடைசி ஒன்பது வருடம் கறை மட்டும்தான் என் வேலை. எங்கள் கம்பெனியில் பெரும்பாலும் குழந்தைகள் உடுப்பு ஓடும், அதுவும் வெள்ளை. நிட்டிங் மெஷினிலிருந்து எண்ணெய் தெறிக்கும். டெய்லர் விரலில் ஊசி ஏறினால் ரத்தம் படும். டிராலிக் கம்பியிலிருந்து துரு ஒட்டும். யாராவது டீ டம்ளரைத் தட்டிவிடுவார்கள். தட்டிவிட்டது யார் என்று கேட்டால் கம்பெனியில் அன்றைக்கு ஒருவரும் டீயே குடித்திருக்க மாட்டார்கள். இந்தப் பாவமெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

2. சமையல் சாமான்

ஆரம்பத்தில் ஸ்பாட் கன்தான் வைத்திருந்தோம். துப்பாக்கி மாதிரி இருக்கும். அதில் ஒரு கெமிக்கல் ஊற்றிக் கறை மேல் அடிப்போம். நல்ல வேகம், ஆனால் தலைவலி நிச்சயம். ஒரு தடவை எங்களிடம் சரக்கு எடுக்கிற பையரின் ஆட்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். குழந்தைத் துணி தைக்கிற இடத்தில் இந்த வாடை எப்படி என்று கேட்டார்கள். மறுநாளே கன் போய்விட்டது. கறை போகவில்லை, அது தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் மேனேஜர் முதலாளிக்கு அக்கா மகன். வயது முப்பத்தைந்து இருக்கும். மரியாதையாகத்தான் பேசுவார். என்னிடம் வந்து, "ஏனுங்க்கா, ஊட்டுல கறை பட்டா நீங்க எப்படி எடுப்பீங்களோ, அப்படியே இங்கயும் எடுங்க. சமையல் சாமானுக்கு எந்த ஆடிட்லயும் கேள்வி வராதுங்க" என்றார்.

அப்படித்தான் நான் மளிகைக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். மெஷின் எண்ணெய்க்கு, பாத்திரம் விளக்குகிற சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, கொஞ்சம் ஆப்ப சோடா போட்டால் போதும். டீக் கறைக்கு வினிகர். பேனா மைக்குக் கை துடைக்கிற சானிடைசர். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீரும் கல் உப்பும். வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும். டெய்லர்கள் அதற்கு முன்பே ஒரு வழி வைத்திருந்தார்கள். குத்தின உடனே தங்கள் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துவிடுவார்கள், கறை பாதி போய்விடும்.

துருவுக்கு எலுமிச்சை உப்பு. கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள். அதை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து வைப்பேன். மஞ்சள் தட்டின வெள்ளைத் துணிக்குப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கினதும் மேலாக இறுத்து, அந்தத் தெளிவை வாளியில் ஊற்றி ஊறப் போடுவேன். இந்த இரண்டையும் ஒரு நாள் வீட்டுக் குளியலறையில் தெரியாமல் சேர்த்துவிட்டேன். ஒரு மூடி அளவுதான் சேர்ந்திருக்கும். கண் எரிந்து, தொண்டை அடைத்து, வாசலில் வந்து உட்கார்ந்தேன். அன்று பொழுதுக்கும் இருமினேன். அதிலிருந்து இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தேன். சாப்பாட்டில் போடுகிற பொருளாக இருந்தாலும் இன்னொன்றோடு சேர்ந்தால் விஷமாகும் என்பது எனக்கு அன்றே தெரியும். பின்னால் நடந்ததைத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ரிஜெக்ட் ஆகி மூலையில் கிடந்த பீஸ்களெல்லாம் ஷிப்மென்டில் ஏறின. முதலாளியே வந்து என் மேசையைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. பேரு 'கறையக்கா' என்று ஆகிவிட்டது. அந்தப் பேரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. பாட்டிலுக்குப் பெயர் எழுதாமல் நூல் கட்ட ஆரம்பித்தது அப்போதுதான்.

3. செல்வி

கறை அதிகமானதும் எனக்கு உதவிக்குச் செல்வியைப் போட்டார்கள். பரமக்குடிப் பக்கத்துப் பெண், முப்பது வயது. அவள் புருஷன் பக்கத்திலேயே நிட்டிங்கில் இருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் திருப்பூர் பாஷை புரியாமல் முழித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கை சுத்தமான கை. ஒரு பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், நான் இரண்டு தடவை பார்த்தும் விட்ட கறையை அவள் ஒரே தடவையில் பிடித்துவிடுவாள்.

அவளுக்கு நான் நிறம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். நீலம் எண்ணெய்க்கு, சிவப்பு துருவுக்கு, மஞ்சள் டீக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு நாள் கேட்டாள்.

"உள்ள என்னன்னு தெரிஞ்சா நானே வீட்டுல கலக்கி எடுத்துட்டு வருவேன்ல க்கா. ஒங்களுக்கும் வேலை கொறயும்."

"அது என் தலைவலி அம்மிணி. நீ நிறத்தைப் பாத்து வேலையைப் பாரு" என்றேன்.

பிளீச்சிங் வாளி மட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை ஒளிக்க முடியாது. அதனால் அவளிடம் ஒரு விதி சொல்லி வைத்தேன். சிவப்பு நூல் பாட்டிலை வாளிப் பக்கமே கொண்டு போகக் கூடாது. ஏன் என்று சொல்லவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் அவள். சிவப்புப் பாட்டிலை மேசையின் ஒரு கோடியிலும் வாளியை அறையின் மறு கோடியிலும் வைப்பாள்.

எங்கள் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியில் பஞ்சு பறந்து ஒட்டினால் அது இன்னொரு கறை. அதனால் கறை எடுக்கும்போது ஃபேன் போட மாட்டோம். ஜன்னலையும் சாத்திவிடுவோம். கதவு கூட ஒருக்களித்துத்தான் இருக்கும். வேர்த்துக் கொட்டும், ஆனால் பீஸ் சுத்தமாக இருக்கும். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

4. நூலை மாற்றினேன்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மேனேஜர் என் மேசைக்கு முன்னால் நின்று செல்போனில் பாட்டில்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டார். "சும்மாத்தானுங்க்கா, ஒரு பதிவுக்கு" என்றார்.

எனக்கு அது சும்மாவாகப் படவில்லை. வயதானவளைத் தள்ளிவிட்டுச் செல்வியை உட்கார வைக்கத்தான் இந்த வேலை என்று பட்டது. அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறுநாள் நான் உடுமலைப்பேட்டைக்கு, சொந்தத்தில் ஒரு ஒறம்பரைக் கல்யாணத்துக்குப் போக லீவு சொல்லியிருந்தேன். சாயங்காலம் எல்லோரும் கிளம்பின பிறகு நான் மட்டும் அறைக்குள் போனேன். நீல நூலை அவிழ்த்துத் துரு பாட்டிலுக்குக் கட்டினேன். சிவப்பு நூலை எண்ணெய் பாட்டிலுக்குக் கட்டினேன்.

என் கணக்கு சின்னக் கணக்கு. நாளைக்கு எண்ணெய்க் கறை போகாது. முழிப்பார்கள். எனக்குப் போன் போடுவார்கள். நான் இல்லாமல் ஆகாது என்று தெரிந்துகொள்வார்கள். அவ்வளவுதான். நூலை முடிச்சுப் போட்டபோது வாளியின் நினைவு எனக்கு வரவில்லை. வந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

5. போன் அடித்தது

பந்தியில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மேனேஜர். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது பக்கத்தில் இருந்த கொழுந்தியா, "எடுத்துத்தான் பேசுங்களேன்" என்றாள். தவிக்கட்டும் என்று ரசத்துக்குச் சோறு வாங்கிக்கொண்டேன்.

நான்காவது முறை எடுத்தேன்.

"அக்கா, அந்த நீல நூல் பாட்டில்ல என்னங்க இருக்குது? டாக்டர் கேக்கறாருங்க."

என்ன நடந்தது என்று அவர் சொன்னார். காலையில் மஞ்சள் தட்டின வெள்ளை லாட் ஒன்று வந்திருக்கிறது. செல்வி பிளீச்சிங் தெளிவில் ஊறப் போட்டிருக்கிறாள். ஊறும்போது பார்த்தால் அதே பீஸ்களில் எண்ணெய்ப் புள்ளிகளும் இருந்திருக்கின்றன. தனித்தனியாக எடுக்க நேரமில்லை, அன்றைக்குத்தான் ஷிப்மென்ட். நீலம்தானே, எண்ணெய்க்குத்தானே என்று பாட்டில் முழுவதையும் வாளியிலேயே ஊற்றிவிட்டாள். ஃபேன் இல்லை, ஜன்னல் சாத்தியிருந்தது. வாடை எழும்பினதும் ஓடி வந்திருந்தால் கூடப் பரவாயில்லை. பீஸ் வீணாகிவிடுமே என்று வாளிக்கு மேலே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து போட்டிருக்கிறாள். செக்கிங் பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு போய் இழுத்துப் போட்டபோது அவளால் பேச முடியவில்லை. நீலம், நீலம் என்று மட்டும் சொன்னாளாம்.

என் வாயிலிருந்து பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. "நீலத்துல வெறும் சோப்புத் தண்ணிதானுங்க. செவப்புலதான் லெமன் சால்ட். செவப்பை எடுத்து ஊத்திட்டாளாட்ட இருக்குது. அதை வாளிப் பக்கம் கொண்டு போகாதன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கறேனுங்க" என்றேன்.

டாக்டருக்கு வேண்டிய தகவல் அதில் இருந்தது. மூன்று போனுக்குப் பிறகுதான் அவருக்கு அது கிடைத்தது. மிச்சமெல்லாம் எனக்காகச் சொன்னது.

6. விடிந்ததும்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாட்ச்மேனிடம் பையை மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கம்பெனிக்குள் போனேன். அறையில் வாளி அப்படியே இருந்தது. காலிப் பாட்டில் நீல நூலோடு தரையில் கிடந்தது. நூல்களைப் பழையபடி மாற்றிக் கட்டினேன். திங்கட்கிழமை மேனேஜர் பார்த்தபோது, தரையில் கிடந்தது சிவப்பு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தொழிலாளி எச்சரிக்கையை மீறிக் கவனக்குறைவாகத் தவறான பாட்டிலைக் கலந்தார் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். அவள் புருஷன் சுவரோரமாக நின்றார். என்னைப் பார்த்ததும் செல்வி கையைத் தூக்கிக் கும்பிட்டாள். குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு பேசினாள்.

"நா நீலம்னுதான் எடுத்தேன் க்கா. செவப்பாம்ல. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஒங்க பேரயும் கெடுத்துட்டேன்."

"பேசாதடி, இருமல் வரும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் புருஷன் அப்போது, இவளுக்கு எதிலும் நிதானம் கிடையாது, சொன்னால் கேட்பதில்லை என்று ஆரம்பித்தார். நான் அவரை நிறுத்தவில்லை. வாங்கிப் போன ஆரஞ்சை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

7. பஞ்சு ஆகாது

மூன்று வாரம் கழித்துச் செல்வி வேலைக்கு வந்தாள். கம்பெனி அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பனியன் கம்பெனியில் பஞ்சில்லாத இடம் எங்கே இருக்கிறது? செக்கிங்கில் நிறுத்தினார்கள், பத்து பீஸ் பார்ப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. பேக்கிங்கில் போட்டார்கள். அயர்ன் டேபிளின் ஆவி பட்டாலே மூச்சு இழுத்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பார்த்தாள், அது இன்னும் முட்டியது. இன்ஹேலர் கொடுத்த டாக்டர், ஒரு தடவை இப்படிப் புண்ணான மூச்சுக்குழாய் லேசில் பழையபடி ஆகாது, பஞ்சும் தூசியும் இல்லாத வேலையாகப் பார்க்கச் சொல்லிவிட்டார். திருப்பூரில் இருந்துகொண்டு பஞ்சில்லாத வேலைக்கு அவள் எங்கே போவாள்?

அவள் இருமுகிற சத்தம் எங்கள் ஹாலில் எங்கிருந்தாலும் எனக்குக் கேட்கும். மெஷின் ஓடினாலும் கேட்கும். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போவேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வருவேன். எனக்குப் பயமாக இருந்தது. பேர் போய்விடும் என்ற பயம். அதை விடப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாக நான் காட்டிக்கொள்ளப் போவதில்லை.

8. பஸ் ஸ்டாண்ட்

செல்வி ஊருக்கே போய்விடுவது என்று முடிவானதாகச் செக்கிங் பெண்கள் சொன்னார்கள். புருஷன் மட்டும் இங்கே இருப்பாராம். கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறாராம். அன்றைக்கு நான் மதியத்தோடு பெர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

மதுரை பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பையை மடியிலும் ஒரு பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று.

"செல்வி, நீ எடுத்தது நீலந்தான். முந்தின நாள் பொழுதோட நாந்தான் நூலை மாத்திக் கட்டிட்டுப் போனேன். போன் வந்தப்பவும் எடுக்கல. அப்பறம் பழையபடி கட்டி வெச்சுட்டு, உம்மேல சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மறுபடி திறந்தாள். கொஞ்ச நேரம் இருமினாள். அடிக்கவாவது செய்ய மாட்டாளா என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப நா சரியாத்தான் எடுத்தேனா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் எடுத்த கண்ணு."

"இத அவருட்ட சொல்லுங்க."

அவர் வந்ததும் சொன்னேன். இரண்டு மாதமாக அந்த மனிதர் அவளைக் கவனக்குறைவு கவனக்குறைவு என்று குத்திக்காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் சொல்லி முடிக்கும் வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மடியிலிருந்த பையையும் காலடியில் கிடந்ததையும் தானே எடுத்துக்கொண்டார். "ஏறு" என்றார். கதவருகில் அவள் படியேற முடியாமல் மூச்சு வாங்கி நின்றபோது பின்னாலேயே நின்றார்.

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த பிறகு செல்வி என்னைப் பார்த்தாள். மன்னித்த முகம் அல்ல அது. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஒரு பேர எழுதி ஒட்டிருந்தா போதும்லக்கா" என்றாள்.

9. பைல்

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கேஸ், ஆடிட், பையர் என்று முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். பிறகு, "அது முடிஞ்சு போன பைலுங்க்கா. இப்ப அதைத் திருத்துனா உங்களுக்கும் கஷ்டம், கம்பெனிக்கும் கஷ்டம். அந்தப் புள்ளையும் ஊருக்குப் போயிருச்சு. உட்ருங்க" என்றார். ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கி மேசை டிராயரில் போட்டார். மறுவாரம் எனக்கு வயதாகிவிட்டது என்று பதமாகச் சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

நிற்பதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் செய்தேன். ஆறு பாட்டில்களிலும் நூலை அறுத்துப் போட்டுவிட்டு, பெரிய எழுத்தில் பேர் எழுதி டேப் ஒட்டினேன். லெமன் சால்ட், துருவுக்கு, பிளீச்சிங்கோடு சேர்க்காதே. சோப்பும் சோடாவும், எண்ணெய்க்கு. வினிகர், டீக்கு, இதையும் பிளீச்சிங்கோடு சேர்க்காதே. ஜன்னலைத் திறந்து வைத்தேன். பஞ்சு ஒட்டினால் ஒட்டட்டும், தட்டிவிட்டால் போய்விடும்.

புதிதாக வருகிறவர்கள் இவ்வளவையாவது செய்யுங்கள். பாட்டிலுக்குள் இருப்பதை வெளியே எழுதுங்கள். யாரையாவது ஒன்றைச் செய்யாதே என்று தடுத்தால் ஏன் என்றும் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த வேலை என்று ஒன்றை வைத்துக்கொண்டு பெருமைப்படாதீர்கள்.

கம்பெனி பைலில் இன்னும் அந்த ரிப்போர்ட்தான் இருக்கிறது, என் கையெழுத்தோடு. அதை என்னால் எடுக்க முடியவில்லை. அதனால் இதையும் என் கையாலேயே எழுதி வைக்கிறேன். செல்வி நீல நூல் பாட்டிலைத்தான் எடுத்தாள். சொல்லிக் கொடுத்தபடிதான் செய்தாள்.